அரசு லேப்டாப்பில் லினக்ஸ்: கிள்ளை கடைத்தெரு அனுபவம்

பிச்சாவரம் படகுத்துறைக்குப் போகிற வழியில், கிள்ளையில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் போட்டுக் கொடுப்பது பக்க வேலையாக இருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதிக்குப் பிறகு அதுவே பாதி வேலையாகிவிட்டது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும். முடசல் ஓடையிலிருந்தும் முழுக்குத்துறையிலிருந்தும் என் கடைக்கு வருகிற லேப்டாப்பில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை. அவற்றில் கணிசமானவை அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வாங்கிய பிள்ளைகளுக்கு இன்று கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. லேப்டாப் மட்டும் பீரோ மேல் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

"தம்பி, திரையில என்னமோ காலாவதி ஆயிடுச்சின்னு வருது. இதத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?" என்று படகு ஓட்டும் மாமா ஒருவர் கொண்டுவந்து வைத்தார். மகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய மெஷின். தூக்கிப் போட வேண்டாம் மாமா, லினக்ஸ் போடலாம் என்றேன். அதற்கு எவ்வளவு என்றார். சிஸ்டம் இலவசம், கூலி மட்டும் என்றேன். "சும்மா கெடைக்கிறதுக்கு எதுக்குக் கூலி?" என்று சிரித்தார். அந்தக் கூலி எதற்கு என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களுக்கு அந்தக் கூலி மிச்சம்.

அந்த மாமாவின் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது அது. ஆன் செய்தவுடன் விண்டோஸா பாஸா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். பத்து நொடியில் தானாக ஒன்று திறந்துவிடும். இன்னொன்று என்ன என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை ஃபார்மேட் பண்ணிய கடைக்காரர் இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்துவிட்டிருப்பார். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் ஒரு முறை வந்துவிட்டுப் போயிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அது புதுப் பெயரும் அல்ல. 2006, 2007 வாக்கிலேயே எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2012 ஜனவரியிலிருந்து கணியம் என்ற மின்னிதழ் தமிழிலேயே லினக்ஸ் பாடம் எழுதி வருகிறது. எங்களுக்கு வடக்கே விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற பெயரில் ஒரு லினக்ஸ் பயனர் குழு மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். முதல் முறை போடுகிறவர்கள் இப்படி ஒரு குழுவின் கூட்டத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது நல்லது. கேள்விக்குப் பதில் நேரில் கிடைக்கும்.

வேலையைத் தொடங்குமுன் நான் கேட்கிற முதல் கேள்விக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இருக்காது. இதில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் அது. டேலியில் கணக்கு எழுதுகிறேன் என்றால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். டேலி விண்டோஸுக்காகச் செய்தது. சுற்றி வளைத்து லினக்ஸில் ஓட வைக்கலாம், ஆனால் வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அது மக்கர் செய்தால் ஆடிட்டருக்கு யார் பதில் சொல்வது? கைரேகைக் கருவி வைத்து இ-சேவை மையம் நடத்துகிறவர்கள், டெண்டருக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுகிறவர்கள், பேஜ்மேக்கரிலும் ஃபோட்டோஷாப்பிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் ஆகியோருக்கும் இதே பதில்தான். என் கடையிலேயே டிசைன் வேலைக்கு ஒரு விண்டோஸ் மெஷின் தனியாக இருக்கிறது. அதற்காக வெட்கப்படவில்லை. மற்றபடி பிள்ளை படிக்கிறது, படம் பார்க்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம், வாட்ஸ்அப் வெப், துபாயில் இருக்கிற மருமகனோடு வீடியோவில் பேசுகிறோம் என்றால் யோசிக்கவே தேவையில்லை. இவை எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிறவை. எந்த சிஸ்டம் என்று பிரவுசருக்குக் கவலை கிடையாது.

இரண்டாவது கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை தம்பி, அழித்துவிடு என்பார்கள். நம்பக்கூடாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மார்க்‌ஷீட் ஸ்கேன், டெஸ்க்டாப்பில் புது ஃபோல்டர் என்ற பெயரில் தாத்தாவின் கடைசிப் படங்கள், சி டிரைவில் யாரோ எப்போதோ வைத்த பத்திரத்தின் நகல் என்று கிடைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் கரையோரக் குடும்பங்களில் இது சாதாரண விஷயமில்லை. 2004 சுனாமியில் காகிதங்களோடு வீட்டையே பறிகொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சிய ஸ்கேன்தான் ஆவணம். அதனால் முதல் வேலை நகல். முழு யூசர்ஸ் ஃபோல்டரையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, வேறொரு மெஷினில் செருகி நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடி. காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னால் போதாது, திறந்து பார்க்க வேண்டும்.

எந்த லினக்ஸ் என்பதில் இளைஞர்கள் வாரக்கணக்கில் வீடியோ பார்த்துக் குழம்பிப்போய் வருகிறார்கள். நூற்றுக்கணக்கில் இருப்பது உண்மை. வீட்டுக்கு அவ்வளவு தேவை இல்லை. 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கீழே இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு பார்க்க இன்னும் அழகு. 2 ஜிபி மட்டும்தான் என்றால் லுபுண்டு, அல்லது எல்எக்ஸ்கியூடி போட்ட டெபியன். அதற்கும் கீழே போனால் எந்தப் பெயரைச் சொல்லியும் பயனில்லை. 2 ஜிபி-யில் லினக்ஸ் பறக்கும் என்று யாராவது சொன்னால் பாதி நம்புங்கள். சிஸ்டம் லேசாகத்தான் இருக்கும். ஆனால் குரோம் அங்கேயும் அதே குரோம்தான், பத்து டேப் திறந்தால் திணறும். 32 பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய மெஷின்களுக்கு வாய்ப்பு குறைந்துவருகிறது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினியில் நிறுவும் வசதியையே கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட மெஷினுக்கு 2023-இல் வந்த டெபியன் 12 போட்டு ஓட்டலாம்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் போட்டதும் வேகமாகிவிட்டது என்று என்னைப் பாராட்டுகிறவர்களின் மெஷினில் பாதி மாயத்தைச் செய்தது எஸ்எஸ்டி. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் நிமிடக்கணக்கில் திறந்த மெஷின் நொடிக்கணக்கில் திறக்கும். கூடவே 4 ஜிபி ரேம் ஒன்று கூடுதலாகச் செருக இடமிருந்தால் விட வேண்டாம். கழற்றிய டிஸ்க்கை அழிக்காமல் ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுவேன். நகலுக்கு மேல் ஒரு நகல்.

மூடியைத் திறக்கும்போதுதான் எங்கள் ஊர் தெரியும். ஒரு பக்கம் வெள்ளாறு, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவே சுரபுன்னைக் காடும் உப்பங்கழியும். இந்தக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்த லேப்டாப்பின் ரேமை உருவினால் தங்க நிறத்தில் பளபளக்க வேண்டிய பல் வரிசை மங்கி, சில இடங்களில் பச்சை கட்டியிருக்கும். ஃபேன் இறக்கையில் படிந்த தூசி உலர்ந்து பறக்காது, ஈரமாகப் பிசுபிசுக்கும். பென்சில் ரப்பரால் ரேமின் பல்லை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, உதிர்ந்த துகளைத் துணியால் துடைத்து, மறுபடி செருகினால் டிஸ்ப்ளே வரவில்லை என்று வந்த மெஷின் எழுந்துகொள்ளும். இதைச் செய்யாமல் சிஸ்டம் போட ஆரம்பித்தால் பாதியில் உறையும், பழி லினக்ஸ் மேல் விழும். அதேபோல மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கிற சிமாஸ் பேட்டரி. அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பென்றால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று தடுக்கும், அப்டேட்டும் மறுக்கும். சில ரூபாய் பேட்டரிதான், முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

டவுன்லோடு அடுத்த தலைவலி. மின்ட் ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று டேட்டா போடுகிறவர்கள் போனில் இறக்க ஆரம்பித்தால் முக்கால்வாசியில் நின்றுவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். டொரன்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். டொரன்ட் என்றால் திருட்டுப் படம் என்று நினைக்க வேண்டாம், மின்ட் தளமே அதிகாரபூர்வமாகக் கொடுக்கிற வழி அது. சிதம்பரத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீடு இருந்தால் அதைவிட எளிது. இறக்கிய பிறகு சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடச் சொல்வார்கள், பலரும் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்து, கலப்படம் செய்த ஐஎஸ்ஓ-வுக்கு இணைப்பை மாற்றிவைத்த சம்பவம் நடந்தது. அது அபூர்வம்தான். எங்கள் ஊர் சிக்னலில் அறுந்து அறுந்து இறங்கிய கோப்பு கெட்டுப்போயிருப்பது அபூர்வம் அல்ல.

பென்டிரைவை நல்ல கடையில் வாங்குங்கள். திருவிழாக் கடைகளில் 64 ஜிபி என்று எழுதி மலிவாகத் தொங்கவிட்டிருப்பவற்றில் சிலவற்றின் உள்ளே 4 ஜிபிகூட இருக்காது. ஐஎஸ்ஓ-வை அதில் எழுதுவதற்கு நான் வென்டாய் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஒருமுறை பென்டிரைவைத் தயார் செய்துவிட்டால் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே காப்பி செய்து போட்டால் போதும். மின்ட், லுபுண்டு, டெபியன் மூன்றும் ஒரே டிரைவில் என் பையில் கிடக்கும். ஒரே ஒரு முறை போடுகிறவர்களுக்கு எட்சர் எளிது, எழுதி முடித்துத் தானே சரிபார்த்தும் விடும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், பென்டிரைவைச் செருகுமுன் விண்டோஸுக்குள்ளேயே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைப்பது. அது இருக்கும்வரை நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடிக்கொள்வதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. இன்னொன்று, பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளாமல் பயாஸில் கை வைக்காதீர்கள். அங்கே செக்யூர் பூட் என்ற அமைப்பை அணைத்த அடுத்த நிமிடம் நீலத் திரை வந்து அந்த நீண்ட எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும் என்பார்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பென்டிரைவிலிருந்து தொடங்க லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்தப் பட்டியலை இயக்கிவிட வேண்டும். லோகோ தெரிகிற அந்த ஒரு நொடியில் ஒரு தட்டுத் தட்டினால் போதாது, ஆன் செய்ததிலிருந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

திரை வந்ததும் இன்ஸ்டால் ஐகான் டெஸ்க்டாப்பில் கண்ணைச் சிமிட்டும். தொடாதீர்கள். லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே, டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் பென்டிரைவிலிருந்தே முழு சிஸ்டத்தையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டும் பொத்தான் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, வீட்டில் இருக்கிற பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா? இவ்வளவையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். மெஷினைக் கொண்டுவந்தவரை மட்டும் உட்கார வைக்காதீர்கள், அதைத் தினமும் தொடப்போகிறவரை உட்கார வையுங்கள். அப்பா தலையாட்டிவிட்டுப் போய், வீட்டில் மகன் "இது என்ன சிஸ்டம்பா, மாத்துங்க" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். பென்டிரைவில் ஓடும்போது மந்தமாகத்தான் இருக்கும். வேகத்தை அங்கே எடை போடக்கூடாது.

வைஃபை பிடிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். சில வைஃபை சிப்புகளுக்கான டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் அடுத்த நொடி நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே தேடிக் கொடுக்கும்.

இன்ஸ்டால் செய்வது, நல்ல மெஷினில், டீக்கடைக்குப் போய் வருகிற நேரம்தான். ஆனால் போகாதீர்கள், கரண்ட் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் வானம் கறுத்தால் கரண்டை நம்ப முடியாது. தானே புயல் அடித்த 2011 டிசம்பருக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும், வயரைப் பிடுங்கினால் அணையும். புது டிஸ்க்கில் போடும்போது கரண்ட் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் பிரிக்கிற நேரத்தில் போனால் இரண்டும் போய்விடும். ஆகவே இன்வெர்ட்டர் இணைப்பில், காலை நேரத்தில் செய்யுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது திரை கேட்கிற கேள்விகளில் நின்று நிதானிக்க வேண்டியது டிஸ்க் பக்கம் ஒன்றில்தான். முழு டிஸ்க்கையும் அழித்துப் போடு என்பது ஒன்று, விண்டோஸ் பக்கத்தில் போடு என்பது இன்னொன்று. எந்த டிஸ்க் என்று பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளவைப் பாருங்கள். 256 என்றால் புது எஸ்எஸ்டி, 1 டிபி என்றால் நகல் எடுத்த வெளி டிஸ்க். இன்னும் நல்லது, வெளி டிஸ்க்கை அந்த நேரத்தில் கழற்றியே வைத்துவிடுவது. கீபோர்டு எது என்று கேட்கும்போது ஆசையாகத் தமிழ் என்று கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டு தமிழ் எழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், உள்ளே நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அங்கே ஆங்கிலம் யுஎஸ் இருக்கட்டும், தமிழைப் பிறகு சேர்க்கலாம். ஊர் கேட்டால் கொல்கத்தா. மீடியா கோடெக் வேண்டுமா என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் சில வீடியோ ஓடாது.

இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்கள் அடுத்த நாள் போன் செய்வார்கள்: "அண்ணே, விண்டோஸ்ல மணி தப்பாக் காட்டுது." எவ்வளவு தப்பு என்று கேட்பேன். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இரண்டுக்கும் இடையே இந்திய நேரத்தின் ஐந்தரை மணி. லினக்ஸ் டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை கொடுத்து, உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

லினக்ஸ் வீட்டில் தங்குமா, திரும்பிப் போகுமா என்பதை எங்கள் ஊரில் முடிவு செய்வது தமிழும் பிரிண்டரும். தமிழ் தெரிவதில் இப்போது சிக்கலே இல்லை, நோட்டோ தமிழ் எழுத்துரு அழகாக இருக்கிறது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை எல்லாமே உண்டு. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்த அக்கா ஒருவர், பழைய டைப்ரைட்டர் முறை லினக்ஸில் இருக்கிறது என்று தெரிந்ததும்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 பழக்குங்கள். 1999-இல் தமிழக அரசே தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். ஒரு வாரத்தில் விரலுக்கு வந்துவிடும்.

பழைய கோப்புகள்தான் படுத்தும். பாமினியிலும் வானவில் அவ்வையாரிலும் அடித்த கடிதங்களை லிப்ரெஆஃபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னா என்று சிதறிக் கிடக்கும். கோப்பு கெடவில்லை. விண்டோஸில் இருந்த அந்த ஃபான்ட் கோப்பை எடுத்து இங்கே நிறுவினால் அப்படியே தமிழாகத் தெரியும். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. அதைக் கோயில் திருப்பணிக் கணக்கு மாதிரி முக்கியமான கோப்புகளுக்கு மட்டும் செய்தால் போதும். வேர்டில் செய்த நோட்டீஸை இங்கே திறந்தால் வரி ஓடிப்போய் இரண்டாம் பக்கத்தில் விழும். லதா எழுத்துருவின் அகலம் வேறு, நோட்டோவின் அகலம் வேறு. வெளியே அனுப்புகிற எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் பழக்கம் வந்துவிட்டால் இந்தச் சண்டை இல்லை.

பிரிண்டரில் நேர்மையாகச் சொல்கிறேன்: புது வைஃபை பிரிண்டர்கள் டிரைவரே கேட்காமல் வேலை செய்கின்றன. அட்டைப் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் அநேகமாக லினக்ஸிலும் ஓடும், வாங்கும்போது அந்த ஒரு வார்த்தையைத் தேடுங்கள். பழைய சிறு லேசர் பிரிண்டர்கள் சில, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிட்டுத் தனி டிரைவரை நம்பி ஓடுகிறவை. ஜெராக்ஸ் கடைகளில் அந்த ரகம்தான் அதிகம். அதில் சிலவற்றுக்கு ஒரு பிளகின் இறக்கினால் சரியாகும், சிலவற்றோடு மல்லுக்கட்டுவது வீண். நான் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட பிரிண்டரை விண்டோஸ் மெஷினிலேயே விட்டு, பிடிஎஃப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் அடிக்கிறேன்.

பென்டிரைவ் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைக் கடையாகச் சுற்றி வந்த பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறி, கோப்பு போய்விட்டது என்று கல்லூரிப் பிள்ளைகள் அழாத குறையாக வருவார்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் சமயத்தில் அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர்கள் நிறைய வருவார்கள். லினக்ஸ் மெஷினில் செருகித் திறந்தாலே, அந்த வைரஸ் ஒளித்துவைத்த ஃபோல்டர் கண்முன் வந்து நிற்கும். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். காப்பி எடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மேட் செய்து கொடுத்தால் வேலை முடிந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய அந்த வைரஸுக்கு இங்கே பல் இல்லை. லினக்ஸுக்கு வைரஸே வராது என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. போலி வங்கித் தளத்தில் ஓடிபி கொடுத்தால் எந்த சிஸ்டத்திலும் பணம் போகும்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் செய்து கொடுக்கிறேன். டைம்‌ஷிஃப்டைத் திறந்து முதல் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுவேன். ஏதாவது அப்டேட்டில் சிஸ்டம் குழம்பினால் அந்த நாளுக்குத் திரும்பிப் போகலாம். அது சிஸ்டத்துக்கான காப்பு, உங்கள் படங்களுக்கானது அல்ல. அப்டேட்டைத் தானாக இறங்க விடாமல் வைத்து, டேட்டா மிச்சம் இருக்கிற இரவில் நீங்களே கொடுங்கள் என்று சொல்வேன். புது மென்பொருள் போடும்போது ஒரே பெயரில் இரண்டு காட்டும், ஃப்ளாட்பேக் என்று போட்டிருப்பது பல நூறு எம்பி இழுக்கும், சாதாரணப் பொதி பெரும்பாலும் போதும்.

சி டிரைவ் எங்கே என்ற கேள்வி முதல் வாரம் முழுக்க வரும். ஹோம் என்பதைக் காட்டி, உங்கள் சாமான் எல்லாம் இதற்குள்தான் என்று சொன்னால் அடங்கிவிடும். படகு மாமாவின் வீட்டில் இப்போது பேரன் அதில் டக்ஸ் பெயின்ட்டில் கிறுக்குகிறான், மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். இருவருக்கும் தனித்தனி கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன், பேரன் அவளுடைய குறிப்புகளை அழிக்காமல் இருக்க. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதற்குள் அந்த லேப்டாப்பின் கீல் ஒடியலாம், திரை மங்கலாம். விசைப்பலகையில் உப்பேறிச் சில எழுத்து ஏற்கெனவே ஒட்டிக்கொள்கிறது. வெளியே ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.